ஜெல் மெனிக்யூர் போடுவதற்கு முன் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் நடத்தும் நெயில் சலூனுக்கு போனிலும் நேரிலும் தினமும் வருகிற கேள்விகள் இவை. சில பதில்கள் நீளம். மற்றதை விட்டாலும் அலர்ஜி பற்றியும் ஜெல்லைக் கழற்றுவது பற்றியும் உள்ள பதில்களை முழுசாகப் படித்துவிடுங்கள். நீங்கள் எங்களிடம் வராமல் வேறு எங்கே போய்ப் போட்டுக்கொண்டாலும் உதவும்.

ஜெல் பாலிஷுக்கும் சாதாரண நெயில் பாலிஷுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண பாலிஷ் காற்றில் காய்வது. அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சுகிற படலம்தான் நிறமாக நிற்கிறது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக்க இறுக மணிக்கணக்காகும், அதனால்தான் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் போர்வையின் தடம் நகத்தில் பதிந்திருக்கும். ஜெல்லில் அக்ரிலேட் வகை மூலக்கூறுகளும், ஒளி பட்டதும் அவற்றை வேலை செய்ய வைக்கும் ஒரு பொருளும் இருக்கின்றன. விளக்கின் புற ஊதாக் கதிர் படும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே தகடாக இறுகிவிடும். விளக்கிலிருந்து கையை எடுத்த உடனே பைக்குள் கைவிட்டு வண்டிச் சாவியைத் தேடலாம், ஒன்றும் ஆகாது.

"ஷெல்லாக் போடுவீங்களா" என்றும் கேட்கிறார்கள். அது 2010-இல் சி.என்.டி. நிறுவனம் கொண்டுவந்த பாலிஷின் பிராண்டு பெயர். வேலை செய்யும் விதம் இதேதான்.

எத்தனை நாள் நிற்கும்?

சாதாரணமாக இரண்டு முதல் மூன்று வாரம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், ஆகவே மூன்றாவது வாரத்தில் அடியில் இடைவெளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். "எனக்கு ஒரு மாசம் ஆகியும் அசையலை" என்று சந்தோஷமாகச் சொல்பவர்களிடமும் மூன்று வாரத்தில் வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வோம். ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்ட இடம் உங்களுக்குத் தெரியாமலே இருக்கும். அதற்குள் தண்ணீர் போய்த் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகத்தில் பச்சைக் கறை விழும். நம் ஊர் ஈரத்துக்கும் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கிற வேலைக்கும் இது நடக்கக்கூடிய விஷயம்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம் என்னதான் செய்வீர்கள்?

புதிதாகப் போட ஒரு மணி நேரம், பழையதைக் கழற்றிவிட்டுப் போட ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிறம் பூசுவது இதில் சின்ன பங்குதான். ஜெல் மூன்று வாரம் நிற்பதும் மூன்றாம் நாளே உரிவதும் அதற்கு முன்னால் நகத்தைத் தயார் செய்யும் வேலையில்தான் முடிவாகிறது, பாட்டில் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதில் இல்லை.

முதலில், கையை வெந்நீரில் ஊறவைக்க மாட்டோம். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரிந்துகொள்ளும், அந்த நிலையில் ஜெல் போட்டால் நகம் காய்ந்து பழைய அளவுக்கு வரும்போது ஜெல் அதோடு சேர்ந்து வராது. எண்ணெய்ப் பசை இருந்தாலும் ஜெல் பிடிக்காது, ஆகவே வரும் அன்று கையில் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவிக்கொண்டு வராதீர்கள். பிறகு நகத்தின் அடிப்பகுதியில் தகடின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரியான செத்த தோலை மட்டும் தள்ளி எடுப்போம். அதை விட்டுவிட்டு மேலே ஜெல் போட்டால் ஜெல் அந்தத் தோலைத்தான் பிடித்துக்கொள்ளும், தோல் உதிரும்போது கூடவே வந்துவிடும். உயிருள்ள தோலை வெட்டச் சொல்லிக் கேட்டாலும் வெட்ட மாட்டோம், அது நகத்தின் வேருக்குக் கிருமி போகாமல் தடுக்கிற காவல். அப்புறம் மெல்லிய ஃபைலால் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் ஒரு தேய்ப்பு, ஆல்கஹாலில் ஒரு துடைப்பு.

அதன்பின் பேஸ் கோட், இரண்டு நிறப் பூச்சு, டாப் கோட். நான்குமே மெலிசாக, ஒவ்வொன்றுக்கும் தனியாக விளக்கு. நிறம் சீக்கிரம் அடர்த்தியாக வர வேண்டும் என்று ஒரே தடவையில் தடியாகப் பூசினால், மேலே முறுகி உள்ளே மாவாக நிற்கிற அடை போல ஆகிவிடும். நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷை ஒரு இழுப்பு இழுத்து மூடிவிடுவோம், உரிதல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கட்டைவிரலைத் தனியாக வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்துவிடும், ஒரு பக்கம் வெளிச்சம் சரியாக விழாது. எல்லாம் முடிந்ததும் மேலே லேசாகப் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்பரப்பை இறுக விடாமல் தடுப்பதால் வருவது அது. கையுறை போட்டுக்கொண்டு ஆல்கஹாலில் நாங்களே துடைத்துவிடுவோம், நீங்கள் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். துடைக்கத் தேவையில்லாத டாப் கோட்டும் உண்டு.

விளக்குக்குள் திடீரென்று சுடுகிறதே?

ஜெல் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். பூச்சு தடியாக இருந்தாலோ, முன்பு யாரோ அதிகமாகத் தேய்த்து நகம் மெலிந்து போயிருந்தாலோ அது சுருக்கென்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், கையை வெளியே எடுங்கள், சில விநாடி கழித்துத் திரும்ப வைக்கலாம். ஒவ்வொரு பூச்சுக்கும் சுட்டால் சொல்லுங்கள், அது நகம் மெலிந்திருப்பதன் அடையாளம்.

அந்த விளக்கால் புற்றுநோய் வருமா?

நியாயமான பயம், நேராகவே பதில் சொல்கிறோம். எல்.இ.டி. என்று எழுதியிருக்கும் விளக்கும் யூ.வி.-ஏ என்ற புற ஊதாக் கதிரைத்தான் விடுகிறது, "இதில் யூ.வி. கிடையாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், இந்த மாதிரி விளக்கின் அடியில் தட்டில் வளர்த்த மனித, எலி செல்களை வைத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். ஒருமுறை 20 நிமிடம் காட்டியபோது 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன, தொடர்ந்து மூன்று முறை காட்டியபோது 65 முதல் 70 சதவீதம் வரை போயிற்று, மிஞ்சியவற்றின் மரபணுவிலும் சேதம் இருந்தது. ஆனால் அவை தட்டில் இருந்த செல்கள். நம் விரலில் மேல்தோல் என்ற தடுப்பு இருக்கிறது, எங்கள் விளக்கில் ஒரு கைக்கு நான்கு பூச்சும் சேர்த்து நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜெல் போட்டவர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, வரவே வராது என்றும் சொல்லவில்லை.

எங்கள் நிலை என்னவென்றால், குறைக்க முடிகிற வெளிச்சத்தைக் குறைத்துவிட வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்வது போல எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைக் கையில் பூசிக்கொள்ளலாம், அல்லது விரல்நுனி மட்டும் திறந்திருக்கும் கறுப்புக் கையுறை போட்டுக்கொள்ளலாம். கையுறை எங்களிடமே இருக்கிறது. சன்ஸ்கிரீன் என்றால் வீட்டிலேயே புறங்கையில் மட்டும் பூசிக்கொண்டு வாருங்கள், நகத்தில் பட்டால் ஜெல் பிடிக்காது.

அலர்ஜி வருமா?

வரலாம். புற்றுநோயைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் இதை ஒருவர் கேட்பதே அபூர்வம், ஆனால் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

இறுகாத ஜெல் தோலில் படுவதால் வருவது அது. ஜெல்லில் ஹீமா என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு மெத்தாக்ரிலேட் இருக்கும், நகத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ள உதவுவது. முழுக்க இறுகிவிட்டால் பிரச்சினை இல்லை. இறுகுவதற்கு முன்னால் நகக்கண்ணிலோ விரல்நுனியிலோ திரும்பத் திரும்பப் பட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு ஒருநாள் அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். முதல் தடவையே தெரியாது, மாதக்கணக்கில் ஒன்றுமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், விரல்நுனித் தோல் வெடிப்பு என்று ஆரம்பிக்கும். நகம் தசையை விட்டுக் கழன்றும் போகலாம். கை முகத்தில் படுவதால் கண் இமையில்கூடத் தடிப்பு வரும், அதற்கும் நகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் இருக்கும். அழகு விஷயம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் இதே குடும்பத்துப் பொருள்கள் பல்லடைப்புக்கும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் பயன்படும் சிமென்டுக்கும் தேவைப்படுகின்றன. நாளைக்குப் பல் டாக்டரிடம் போகும்போது இந்த அலர்ஜி குறுக்கே வந்து நிற்கலாம். அமெரிக்கத் தொடுகை அலர்ஜி மருத்துவர் சங்கம் 2012-க்கான 'ஆண்டின் அலர்ஜிப் பொருள்' என்று அக்ரிலேட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. 2018-இல் பிரிட்டன் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சோதித்துப் பார்த்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த வகைப் பொருள்களில் ஏதோ ஒன்றுக்காவது அலர்ஜி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கொண்டுவந்த விதிப்படி அங்கே ஹீமா கலந்த நகப்பொருள்களைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம்.

ஆகவே எங்கள் கடையில் ஒரு விதி: தோலில் ஜெல் பட்டால் விளக்குக்குள் கை போகாது. சுண்டுவிரல் நகத்தின் ஓரங்களில்தான் அதிகம் வழியும், நகம் சின்னது, வளைவு ஜாஸ்தி. பூசி முடித்ததும் விரலைச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு நூல் அளவு வழிந்திருந்தாலும் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் துடைத்த பிறகுதான் அடுத்த வேலை. நீங்கள் எங்கே போட்டுக்கொண்டாலும் இதை மட்டும் கவனியுங்கள். தோல் மேல் வழிந்த ஜெல்லோடு கையை விளக்குக்குள் வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரிப்பு ஆரம்பித்துவிட்டது என்றால் "வேறு பிராண்டு போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்காமல் தோல் டாக்டரிடம் போய் பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எடுங்கள். ஹீமா இல்லாத ஜெல் எங்களிடம் உண்டு, ஆனால் அதிலும் வேறு அக்ரிலேட் இருக்கிறது, ஏற்கனவே அலர்ஜி வந்தவருக்கு அது தீர்வாகாது.

ஐரோப்பாவில் ஜெல் பாலிஷைத் தடை செய்துவிட்டார்கள் என்கிறார்களே?

ஜெல் பாலிஷைத் தடை செய்யவில்லை. அதில் ஒளியைப் பிடித்து வேலையைத் தொடங்கிவைக்கும் பொருள்களில் ஒன்றான டி.பி.ஓ.-வை மட்டும் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். விலங்குகளுக்கு அதிக அளவில் உள்ளே கொடுத்துப் பார்த்த சோதனைகளில் இனப்பெருக்கத்தில் பாதிப்பு தெரிந்ததுதான் காரணம். நகத்தில் பூசுகிற அளவுக்கும் அதற்கும் தூரம் அதிகம், ஆனாலும் டி.பி.ஓ. இல்லாத பாட்டில்கள் கிடைக்கும்போது இருப்பதை வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்று நாங்கள் மாற்றிவிட்டோம். பாட்டிலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவோம்.

ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொண்டால் என்ன?

வேண்டாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். வியாபாரம் போய்விடும் என்று சொல்லவில்லை, மேலே அலர்ஜி பற்றி எழுதியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரு கம்பெனி ஜெல்லை இன்னொரு கம்பெனியின் சின்ன விளக்கில் காட்டினால் மேலே கெட்டியாகி உள்ளே பாதி இறுகாமல் நிற்கும், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தவிர, இடது கையால் வலது கைக்குப் பூசும்போது தோலில் வழியாமல் பூச நல்ல பழக்கம் வேண்டும்.

ஓரத்தில் தூக்கிக்கொண்டால் பிய்த்து எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஜெல் தனியாக வராது, நகத்தின் மேல் அடுக்குகளையும் சேர்த்து உரித்துக்கொண்டுதான் வரும். வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, நகம் காகிதம் மாதிரி வளையும். போன அடுக்கு திரும்ப வராது. அந்த நகம் முழுசாக வளர்ந்து வெளியேற ஆறு மாதம் ஆகும். "ஜெல் போட்டு என் நகம் கெட்டுப்போச்சு" என்று வருகிறவர்களிடம் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால், டிவி பார்த்துக்கொண்டே உரித்தேன் என்பார்கள், இல்லையென்றால் எங்கோ மெஷினால் நகம் வரை தேய்த்து எடுத்திருப்பார்கள்.

சரியான முறை இதுதான். முதலில் டாப் கோட்டின் பளபளப்பை ஃபைலால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அசிட்டோன் உள்ளே இறங்காது. சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினிய ஃபாயிலால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஃபாயிலைப் பிரித்தால் ஜெல் சுருங்கி மேலெழும்பி நிற்கும், மரக்குச்சியால் லேசாகத் தள்ளினாலே வந்துவிடும். தள்ளியும் வராத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி ஐந்து நிமிடம் சுற்றிவைப்போம். நேரம் பிடிக்கிற வேலை என்பதால்தான் இதற்குத் தனிக் கட்டணம். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், வீட்டில் செய்வதானால் அடுப்பு, விளக்கு பக்கம் போகவே வேண்டாம்.

எடுத்த பிறகு தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், எது வீட்டில் இருக்கிறதோ அதை இரவில் நகத்தைச் சுற்றித் தடவுங்கள். அசிட்டோன் தோலை வறட்சியாக்கும்.

நடுவில் நகத்துக்கு மூச்சுவிட இடைவெளி கொடுக்க வேண்டாமா?

நகத் தகடு உயிரில்லாதது, மூச்சு விடுவதில்லை. அடியிலிருக்கும் தசைக்கு வேண்டியது ரத்தத்தின் வழியாகப் போகிறது. நகம் கெட்டியாக இருந்தால் தொடர்ந்து போடலாம். மெலிந்தோ வெடித்தோ இருந்தால் நாங்களே இடைவெளி விடச் சொல்வோம்.

சமைக்கலாமா, பாத்திரம் தேய்க்கலாமா?

எல்லாம் செய்யலாம். மாவு கரைக்கலாம், கோலம் போடலாம், கையால் பிசைந்து சாப்பிடலாம். மஞ்சள் ஒன்றுதான் தொந்தரவு, வெள்ளை, இளரோஜா மாதிரி நிறங்களில் சாம்பார் பிசைந்த விரல்கள் மட்டும் தனியாக மஞ்சளடிக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹால் உள்ள ஹேண்ட் சானிடைசரால் துடைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். தினமும் சமையலறையில் நிற்பவர் என்றால் மெரூன், ஒயின், காபி நிறம் மாதிரி அடர்ந்த நிறம் எடுங்கள், கவலையே இல்லை. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை. டப்பா மூடியை நகத்தால் நெம்பாதீர்கள், ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள்.

கல்யாணத்துக்கு: முதலில் மெஹந்தியா, ஜெல்லா?

முதலில் ஜெல், மறுநாள் மெஹந்தி. தலைகீழாகச் செய்தால் ஆல்கஹாலும் அசிட்டோனும் பட்டு, சிவந்திருக்கும் மெஹந்தி வெளுத்துவிடும். மெஹந்தி போடுகிறவரிடம் நகத்தின் மேல் கூழ் படாமல் போடச் சொல்லுங்கள், வெளிர் நிற ஜெல்லில் கறை ஏறிவிடும். நலங்கு மஞ்சளும் இருக்கிறது என்றால் முன்னே சொன்ன அடர்ந்த நிறம்தான் பாதுகாப்பு. முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வருவது சரியாக இருக்கும். முதல்முறை போடுகிறீர்கள் என்றால் கல்யாண வாரத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒரு மாதம் முன்பே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஜெல் போட்டுக்கொண்டு தொழலாமா?

தொழுகைக்கு முன் ஒளு (கை, முகம், கால் கழுவுவது) செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும், ஜெல் அதைத் தடுத்துவிடும். "தண்ணீர் புகும் ஜெல்" என்று யாராவது விற்றால் அதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. தொழுகை இல்லாத நாள்களில் மட்டும் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் எங்களிடம் உண்டு, அவர்களுக்கு ஒட்டி எடுக்கிற பிரஸ்-ஆன் நகம் வசதி, அதை அன்றே கழற்றிவிடலாம். மருதாணி நகத்தில் சாயமாக மட்டும் ஏறுகிறது, படலமாக நிற்பதில்லை. மேற்கொண்டு சந்தேகம் என்றால் உங்கள் மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குப் போட மாட்டீர்கள்?

நகச்சுற்று இருக்கிறவர்களுக்கு. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இரண்டு நாள் பார்த்தேன், வலி கொஞ்சம் குறைந்துவிட்டது, போடுங்கள் என்று வருவார்கள். சீழ் இருக்கும் விரலை டாக்டர்தான் பார்க்க வேண்டும். நகச்சொத்தை இருந்தாலும் அப்படித்தான், மேலே நிறம் போட்டு மறைத்தால் உள்ளே அது பரவிக்கொண்டுதான் இருக்கும். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து எடுக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் நகம் தசையிலிருந்து கழன்றுகொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜெல் போடுவதில்லை, சாதாரண பாலிஷ் போட்டுவிடுவோம்.

ஆபரேஷன் அல்லது பிரசவத் தேதி நெருங்குகிறது என்றால் முன்கூட்டியே வந்து கழற்றிவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியின் கணக்கைச் சில நிறங்கள் குழப்பலாம், அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் அசிட்டோன் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?

உலோகக் கருவிகளைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்து, உறையோடு எடுத்துவருவோம், உறையை உங்கள் எதிரில்தான் பிரிப்போம். நீல வெளிச்சம் எரிகிற பெட்டிக்குள் வைப்பது மட்டும் கிருமிநீக்கம் ஆகாது. ஃபைல், பஃப்பர், மரக்குச்சி ஒருவருக்கு மட்டும், வேண்டுமென்றால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

என் பார்லரிலும் ஜெல் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஜெல்லோடு பழகுவது வாடிக்கையாளருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உங்களுக்கு நாள் முழுக்க. அலர்ஜியில் முதலில் மாட்டுவது போட்டுவிடுகிற பெண்தான், அது வந்தால் அவர் தொழிலே போய்விடும். ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன்னால் நைட்ரைல் கையுறைக்குக் கணக்குப் போடுங்கள். லேட்டக்ஸ் வேண்டாம், அக்ரிலேட் அதை உடனே ஊடுருவும். நைட்ரைலையும் சில நிமிடங்களில் தாண்டிவிடும், ஆகவே ஜெல் பட்டால் உடனே மாற்ற வேண்டும், ஒரே ஜோடியில் நாளை ஓட்டக்கூடாது. பிசுபிசுப்பைத் துடைத்த பஞ்சு, பாட்டில் கழுத்து, மேசைத் துணி எல்லாவற்றிலும் இறுகாத ஜெல் இருக்கும். ஏசி அறையைக் கதவடைத்து வைத்துக்கொண்டு ஃபைல் தூசியில் உட்காராதீர்கள், வெளியே காற்றை இழுக்கும் ஃபேன் ஒன்று வையுங்கள், மாஸ்க் போடுங்கள். ஜெல்லும் விளக்கும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள். விளக்குக்குள் ஜெல் சிந்தினால் அன்றே துடையுங்கள், மங்கிப்போன விளக்கு வெளியே நன்றாக எரிகிற மாதிரிதான் தெரியும்.

கால் நகத்துக்கும் போடுவீர்களா?

போடுவோம். கால் நகம் கையைவிட மெதுவாக வளர்வதால் இன்னும் அதிக நாள் அழகாகத் தெரியும், அதற்காக இரண்டு மாதம் அப்படியே விடாதீர்கள். ஷூ போடுகிறவர்கள் நாலைந்து வாரத்தில் கழற்றி நகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கை, கால் இரண்டும் சேர்த்து வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், பழைய ஜெல் இருந்தால் அதையும்.